மைக்கால் மலையின் மாணவர்

நருமதை ஆறு பிறக்கும் அமர்கண்டகத்தை ஒட்டி, நடு இந்தியாவில் நீண்டு கிடப்பது மைக்கால் மலைத்தொடர். குங்கிலிய மரங்கள் அடர்ந்த அம்மலைநாட்டில் கோண்டு, பைகா, பர்தான், அகரியா முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். அங்குள்ள கரஞ்சியா என்னும் சிற்றூருக்கு 1932ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இரண்டு இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். ஒருவர் மராத்தியரான சாம்ராவ் ஹிவாலே. மற்றவர் ஆங்கிலேயரான வெரியர் எல்வின். பள்ளி நடத்துதல், மருந்து கொடுத்தல், மதுப்பழக்கத்தை விலக்குதல், இராட்டையில் நூற்கப் பழக்குதல் எனக் கோண்டு மக்களுக்குச் செய்ய வேண்டிய பணிகளை அவர்கள் முன்னரே வகுத்து வைத்திருந்தனர். ஆனால், கற்பிக்க வந்த எல்வின் அடுத்த இருபது ஆண்டுகளையும் பெரும்பாலும் கற்பதிலேயே கழித்தார்.

எல்வின் 1902ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டோவர் நகரில் பிறந்தார். ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் பேராயராக இருந்த அவர் தந்தையார், மகனின் சிறுவயதிலேயே காலமானார். ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியில் பயின்ற எல்வின், ஆங்கில இலக்கியத்திலும் இறையியலிலும் முதல் வகுப்பில் தேறினார். திருச்சபையிலோ பல்கலைக்கழகத்திலோ உயர்ந்த பதவி அவருக்குக் காத்திருந்தது. அதனை நாடாமல் 1927இல் புனேயில் இயங்கிய கிறித்தவ சேவா சங்கத்தில் சேர்ந்தார். தம் நாட்டவர் இந்தியருக்கு இழைத்த தீங்குக்குத் தம்மால் இயன்ற கைம்மாறு செய்ய வேண்டும் என்ற எண்ணமே அவரை இங்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் கண்டார், கதராடை உடுத்தினார். வல்லபாய் படேலும் ஜம்னாலால் பஜாஜும் காட்டிய வழியில் கோண்டு மக்களிடையே பணியாற்றத் துணிந்தார்.

ஆங்கில அரசு அவரை ஐயத்துடன் நோக்கியது. தாய்நாட்டுக்குச் சென்று திரும்ப முயன்றபோது, அரசியலில் ஈடுபடுவதில்லை என எழுதிக் கொடுத்த பின்னரே அவருக்கு இசைவு கிடைத்தது. திருச்சபையோடும் பிணக்கு ஏற்பட்டது. மன்னருக்குப் பற்றுறுதி கூற அவர் உடன்படவில்லை. பழங்குடியினரை மதம் மாற்றும் விருப்பமும் அவருக்கில்லை. 1935இல் திருச்சபையிலிருந்து விலகினார்.

கரஞ்சியாவில் மண்சுவரும் கூரையும் கொண்ட குடிலே அவர் வீடு. மலேரியாக் காய்ச்சல் அடிக்கடி அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. தொழுநோயாளருக்கு ஓர் இல்லம் அமைத்து, அவரும் சாம்ராவும் பேணி வந்தனர். ஊராரின் சண்டைகளைத் தீர்த்து வைப்பதிலும் நோயுற்றோர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பதிலும் சாம்ராவுக்கு இருந்த பொறுமை எல்வினுக்கு இருந்ததில்லை. சாம்ராவ் அருகில் இராவிடில் எல்வின் எழுதிய நூல்களில் பாதிகூட எழுதப்பட்டிரா.

முன்னரே வகுத்த திட்டம் மெல்ல மெல்ல உதிர்ந்தது. பருத்தி விளையாத மலையில் இராட்டையைப் பரப்புவதில் பொருளில்லை என்பதை எல்வின் உணர்ந்தார். இலுப்பைப் பூவில் வடித்த மது அம்மக்களுக்கு வெறும் களிப்புப் பொருளன்று. பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் படைக்கப்படுவது. அதனை விலக்கச் சொன்னால் சடங்குகளையே விலக்கச் சொன்னதாகும். ஊரில் தங்காமல் வந்துபோகும் ஒருவரால் இவற்றை அறிந்திருக்க இயலாது. மானிடவியலை அவர் எந்தக் கல்லூரியிலும் முறையாகப் பயின்றவரல்லர். பாட்டுக் கேட்டும், கதை கேட்டும், அடுப்பங்கரையில் அமர்ந்தும், சந்தைக்கு உடன் நடந்தும் பயின்ற கல்வி அது. மைக்கால் மலையின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவற்றை அவர் ஆய்வுச் சான்றுகளாக மட்டுமன்றிக் கவிதைகளாகவும் மதித்தார்.

அவர் கண்களை முழுவதுமாகத் திறந்தவர்கள் பைகா மக்கள். சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நில மக்களின் தினைப்புனத்தை அறிந்தோர்க்குப் பைகர்களின் வேளாண்மை அயலானதாகத் தோன்றாது. காட்டின் ஒரு பகுதியை வெட்டி உலர்த்தித் தீயிடுவர்; மழைக்கு முன் அச்சாம்பலில் விதை தூவுவர்; சில ஆண்டுகள் பயிரிட்டபின் அந்நிலத்தைக் காட்டிடமே விட்டுவிட்டு வேறிடம் செல்வர். இதற்குப் பேவர் என்று பெயர். ஏரும் எருதும் இதற்கு வேண்டா. கோடரி ஒன்றே போதும். பைகர்களின் தொன்மக் கதையில் முதல் மனிதனான நங்கா பைகாவுக்குக் கடவுள் அளித்த முறை இது. நிலம் தாய், ஏர் பூட்டி உழுவது தாயின் மார்பைக் கீறுவதாகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மரத்தின் விலையை அறிந்திருந்த வனத்துறைக்கு இந்நம்பிக்கை ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பேவர் படிப்படியாகத் தடை செய்யப்பட்டது. 1890இல் மண்டலா மாவட்டத்தில் பைகா சக் என்னும் எல்லை வரையறுக்கப்பட்டு, அதற்குள் மட்டும் அம்முறை அனுமதிக்கப்பட்டது. வெளியே இருந்தோர் ஏரைக் கையிலெடுக்க வேண்டும், அல்லது கூலிக்குப் போக வேண்டும். காட்டின் அரசர் எனத் தம்மைக் கருதியவர்கள், காட்டில் ஒரு மரம் வெட்டினாலும் தண்டனைக்கு அஞ்சும் நிலைக்கு வந்தனர். ஏர் பிடித்த பைகர்களின் மனத்தை எல்வின் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அவர்கள் இழந்தது உணவு மட்டுமன்று. பாவம் செய்துவிட்டோம் என்ற அச்சமும் அவர்களுள் புகுந்திருந்தது. பயிர் பொய்த்தாலும் குழந்தை இறந்தாலும் அதற்குக் காரணம் ஏரே என்று எண்ணினர். 1939இல் வெளிவந்த பைகா என்னும் பெருநூலில் இவையனைத்தையும் எழுதி, அவர்களுக்குக் காட்டைத் திரும்ப அளிக்க வேண்டும் என வாதிட்டார்.

அகரியா மக்களின் கதையும் இதற்குத் தொலைவிலில்லை. மண்ணுலை அமைத்து, துருத்தியைக் காலால் மிதித்து இரும்பு உருக்கியவர்கள் அவர்கள். உலையிலே லோகாசுரன் என்னும் தெய்வம் உறைவதாக நம்பியவர்கள். உலைக்கு வரி விதிக்கப்பட்டது. ஆலையில் செய்த மலிவான இரும்பு சந்தையை நிறைத்தது. எல்வின் அவர்களைப் பற்றிய நூலை 1942இல் வெளியிட்டபோது பல உலைகள் அவிந்திருந்தன. பின்னர்ப் பஸ்தர் பகுதியில் மரியா மக்களிடையே நிகழ்ந்த நூறு கொலை வழக்குகளை ஆராய்ந்தும், முரியா இளையோர் சேர்ந்து வாழ்ந்து ஒழுங்கும் உழைப்பும் ஆடலும் பாடலும் பயிலும் கோட்டுல் என்னும் இல்லத்தைப் பற்றியும் நூல்கள் எழுதினார்.

இந்நூல்கள் கடுமையான எதிர்ப்பையும் தேடித் தந்தன. பழங்குடியினரை வெளியுலகத் தொடர்பிலிருந்து சிறிது காலமேனும் காக்க வேண்டும் என்று எல்வின் தொடக்கத்தில் எழுதியிருந்தார். அவர்களைக் காட்சிச்சாலைப் பொருளாக்க முனைகிறார் எனப் பலர் சாடினர். தக்கர் பாபா அவர்களைப் பொதுவாழ்வோடு இணைக்க வேண்டும் என்றார். சமூகவியல் அறிஞர் ஜி.எஸ்.குர்யே, அவர்கள் இந்துச் சமூகத்தின் பின்தங்கிய பகுதியினரே என 1943இல் ஒரு நூலின் வழி நிறுவ முயன்றார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பள்ளியும் மருத்துவமும் வேண்டா என்று எந்த மலைவாழ் தாயும் சொல்லமாட்டாள். எனினும், பள்ளியோடு சேர்ந்து வட்டிக்காரரும் நிலம் பறிப்போரும் வருவதை எல்வின் நேரில் கண்டிருந்தார். அவருடைய எதிர்ப்பாளர் பலர் அவரளவுக்கு அங்கே வாழ்ந்தவரல்லர்.

அருகிருந்து வாழ்தல் எல்லாவற்றையும் நேராக்கிவிடவில்லை. 1940இல் எல்வின் கோண்டு இளம்பெண் ஒருவரை மணந்தார். 1949இல் அம்மணம் முறிந்தது. பழங்குடியினரின் துயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், தம் தன்வரலாற்றில் அப்பெண்ணுக்கு மிகச் சில வரிகளே ஒதுக்கினார். அவ்வரலாற்றில் நிறைவளிக்காத பகுதி அதுவே. பின்னர், 1953இல், பர்தான் இனப் பெண் ஒருவரை மணந்து இறுதிவரை அவருடன் வாழ்ந்தார்.

விடுதலைக்குப் பின் 1954இல் எல்வின் இந்தியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டில், இன்று அருணாசலப் பிரதேசம் எனப்படும் வடகிழக்கு எல்லைப்புற நிருவாகப் பகுதிக்குப் பழங்குடியினர் நல ஆலோசகரானார். ஷில்லாங்கில் குடியேறி, அங்கிருந்து வாரக்கணக்கில் மலைப்பாதைகளில் நடந்தே ஊர்களைச் சென்று கண்டார். மைக்கால் மலையில் காலம் கடந்து அறிந்ததை இங்கே முன்கூட்டியே பயன்படுத்த அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மலைக்குச் செல்லும் அலுவலர் அம்மக்களின் மொழியைக் கற்க வேண்டும். அவர்களின் உடையையும் நெசவையும் இகழக் கூடாது. நிலத்திலும் காட்டிலும் அவர்களுக்குள்ள உரிமையைத் தொடக் கூடாது என்று அறிவுறுத்தினார். தனித்து வைத்தலை அவர் இப்போது வலியுறுத்தவில்லை. மாற்றம் எவ்வளவு விரைவாக, யாருடைய விருப்பப்படி நிகழ்கிறது என்பதே அவர் எழுப்பிய வினா. 1957இல் அவர் இக்கருத்துகளை ஒரு நூலாக்கினார். அதன் அடுத்த பதிப்புக்குத் தலைமையமைச்சர் நேரு முன்னுரை எழுதினார். பழங்குடியினர் மீது எதையும் திணிக்காமல், அவர்களின் இயல்புக்கேற்ப அவர்கள் வளரத் துணைநிற்றல் என்னும் கொள்கை அதில் இடம்பெற்றது.

1961இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1964 பிப்ரவரி 22ஆம் நாள் தில்லியில் மாரடைப்பால் காலமானார். அவருடைய தன்வரலாறு அவர் மறைவுக்குப் பின் வெளிவந்து, 1965இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

பைகர்களின் காடு அவர் வாழ்நாளில் அவர்களுக்குத் திரும்பவில்லை. வன உரிமைச் சட்டம் 2006ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதன்கீழ், நாட்டிலேயே முதன்முறையாக வாழிட உரிமை பெற்றவை பைகா சக்கைச் சேர்ந்த ஏழு சிற்றூர்கள்.