முதல் பங்கு வாங்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி பெஞ்சமின் கிரஹாம் கதையைக் கேளுங்க

கைப்பேசியில் பங்கு வாங்கும் செயலியைப் பதிவிறக்கம் செய்துவிட்டீர்கள். சம்பளத்தில் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, உடனே வாங்கச் சொல்லி நண்பர் அவசரப்படுத்துகிறார்.

கொஞ்சம் பொறுங்க. பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒருவரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்று முதலீட்டு வகுப்புகளில் சொல்லித்தரும் பல அடிப்படைப் பாடங்கள் அவரிடமிருந்து வந்தவை. அவற்றில் முக்கியமான ஒன்றைச் சொந்தப் பணத்தைத் தொலைத்த பிறகுதான் அவரே முழுசாகப் புரிந்துகொண்டார்.

அவர் பெஞ்சமின் கிரஹாம். பெரும் செல்வந்தர் வாரன் பஃபெட்டின் ஆசிரியர்.

ஐந்து டாலருக்கும் சந்தேகம்

கிரஹாம் 1894இல் லண்டனில் பிறந்தார். அவருக்கு ஒரு வயதானபோது குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. தந்தை பீங்கான் பொருள்களை இறக்குமதி செய்து விற்றார். வசதியான குடும்பம்தான். ஆனால் 1903இல் தந்தை இறந்துவிட்டார். மூன்று மகன்களில் கடைக்குட்டியான பெஞ்சமினுக்கு அப்போது 8 வயது.

வியாபாரம் நொடித்துப்போனது. தாய் டோரா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, அந்த வாடகையில் குடும்பத்தை நடத்தினார். அது போதவில்லை. பங்குச் சந்தையில் இறங்கினார். கையிலிருந்த பணத்தோடு கடனும் சேர்த்துப் பங்குகளை வாங்கினார். 1907இல் அமெரிக்க வங்கிகள் தடுமாறின, பங்கு விலைகள் சரிந்தன. டோரா போட்ட பணம் மொத்தமும் போச்சு.

ஒருநாள் தாயின் காசோலையை மாற்ற பெஞ்சமின் வங்கிக்குப் போனார். அந்தப் பெண்மணியை நம்பி 5 டாலர் கொடுக்கலாமா என்று அங்கே விசாரித்தது சிறுவனின் காதில் விழுந்தது. அந்த அவமானத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

கடன் வாங்கினால் என்ன ஆகும்?

சின்னக் கணக்கு ஒன்று. உங்களிடம் 1,000 வெள்ளி இருக்கிறது. இன்னொரு 1,000 வெள்ளி கடன் வாங்கி, 2,000 வெள்ளிக்குப் பங்கு வாங்குகிறீர்கள். விலை பாதியாகக் குறைகிறது. பங்குகளின் மதிப்பு இப்போது 1,000 வெள்ளி. கடனை அடைக்கவே அது சரியாகப் போய்விடும். உங்கள் பணம் பூஜ்யம்.

கடன் இல்லாமல் 1,000 வெள்ளிக்கு மட்டும் வாங்கியிருந்தால்? 500 வெள்ளி மிஞ்சியிருக்கும். விலை திரும்ப ஏறும்வரை காத்திருக்கலாம். கடன் கொடுத்தவர் அப்படிக் காத்திருக்க மாட்டார். விலை விழும்போதே உங்கள் பங்குகளை விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொள்வார். டோரா மாட்டிக்கொண்டது இதில்தான். செயலிகளில் மார்ஜின் என்று வருவதும் இதே கடன்தான்.

வாரம் 12 டாலர்

கிரஹாம் படிப்பில் கெட்டிக்காரர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1914இல் வகுப்பிலேயே இரண்டாவது மாணவராகத் தேறினார். ஆங்கிலம், தத்துவம், கணிதம் என மூன்று துறைகள் அவரை ஆசிரியராக அழைத்தன. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது. அவர் வால் ஸ்ட்ரீட்டில் உள்ள ஒரு தரகு நிறுவனத்தில் சேர்ந்தார். தொடக்கச் சம்பளம் வாரத்திற்கு 12 டாலர்.

அந்தக் காலத்தில் பலர் வதந்தியையும் காதில் விழுந்த தகவலையும் வைத்துத்தான் பங்குகளை வாங்கினார்கள். கிரஹாம் நிறுவனங்களின் கணக்கறிக்கைகளை எடுத்துவைத்து வரிவரியாகப் படித்தார்.

பங்கு என்றால் உரிமை

அப்படிப் படித்ததில் 1926இல் ஒரு விஷயம் மாட்டியது. நார்தர்ன் பைப் லைன் என்பது எண்ணெய்க் குழாய் நிறுவனம். அதன் ஒரு பங்கு சுமார் 65 டாலருக்கு விற்றது. ஆனால் அரசாங்க அலுவலகத்தில் இருந்த ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு பங்குக்கும் ஈடாகக் குறைந்தது 80 டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்களை அந்த நிறுவனம் சும்மா வைத்திருந்தது. குழாய்த் தொழிலை விட்டுத்தள்ளினாலும் பங்கின் மதிப்பு விலையைவிட அதிகம்.

கிரஹாம் பங்குகளை வாங்கினார். உபரிப் பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். 1927இல் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டி வரை போய்ப் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்றார். அவரது தீர்மானத்தை வழிமொழியக்கூட ஆள் இல்லை. அடுத்த ஆண்டு மற்றப் பங்குதாரர்களின் ஆதரவைத் திரட்டிக்கொண்டு வந்தார். இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது. பணமும் பங்குதாரர்களின் கைக்கு வந்தது.

முதல்முறை முதலீடு செய்யும் உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? பங்கு என்பது திரையில் ஏறி இறங்கும் எண் மட்டுமில்லை. ஒரு நிறுவனத்தின் சின்னத் துண்டுக்கு நீங்கள் உரிமையாளர். அந்த நிறுவனம் லாபம் சம்பாதித்து, அதில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொடுத்தால் உங்களுக்கும் ஈவுத்தொகை வரும். நிறுவனம் நொடித்துப்போனால் உங்கள் பணமும் போகும்.

அம்மா செய்த அதே தவறு

1920களின் இறுதியில் கிரஹாம் செல்வந்தர். சுமார் 25 லட்சம் டாலர் நிதியை நிர்வகித்தார். கொலம்பியாவில் மாலை வகுப்பும் எடுத்தார். அப்போதுதான் 1929 சரிவு வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் 381 புள்ளிகளைத் தொட்ட டாவ் ஜோன்ஸ் குறியீடு, 1932 ஜூலையில் 41 புள்ளிகளுக்கு இறங்கியது. அது மறுபடியும் பழைய உச்சத்தைத் தொட 1954 வரை ஆனது. ஆமாம், 25 ஆண்டுகள்.

1929இல் கிரஹாமின் நிதி சுமார் 20 விழுக்காடு இழந்தது. சமாளித்திருக்கலாம். ஆனால் மோசமான கட்டம் முடிந்துவிட்டதாக அவர் 1930இல் நினைத்தார். சந்தை தொடர்ந்து விழுந்தது. நிதியில் கடனும் கலந்திருந்தது. அந்த ஒரே ஆண்டில் பாதி போய்விட்டது. 1932க்குள் சுமார் 70 விழுக்காடு கரைந்தது.

கடன் வாங்கிய பங்குகளால் தாய் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர் அவர். கணக்கறிக்கை படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருந்தும் அதே குழியில் விழுந்தார். சொகுசு வீட்டை விட்டு வெளியேறினார். மனைவி மறுபடியும் நடன வகுப்பு எடுக்கப் போனார். தன்னை நம்பிப் பணம் கொடுத்தவர்களின் இழப்பை ஈடுகட்ட 1935 முடியும்வரை உழைத்தார்.

புத்தகமாக வந்த பாடம்

அந்த இருண்ட ஆண்டுகளில்தான், 1934இல், டேவிட் டாட் என்பவரோடு சேர்ந்து செக்யூரிட்டி அனாலிசிஸ் என்ற நூலை வெளியிட்டார். சாதாரண மக்களுக்காக எழுதிய தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர் 1949இல் வந்தது. இரண்டும் இன்றும் விற்பனையாகின்றன. அவற்றில் இரண்டு கருத்துகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, சந்தை ஐயா. உங்களோடு கூட்டுத் தொழில் செய்யும் ஒருவர் தினமும் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு விலை சொல்கிறார். குஷியாக இருக்கும் நாளில் விலையை ஏற்றிச் சொல்வார். பயந்துபோன நாளில் அடிமாட்டு விலைக்குத் தந்துவிடுவார். அவர் சொல்வதை நீங்கள் கேட்டே ஆக வேண்டுமா? வேண்டாம். கதவை மூடிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம், நாளைக்கும் வருவார்.

இரண்டாவது, பாதுகாப்பு இடைவெளி. ஒரு பங்கின் மதிப்பு 1 வெள்ளி என்று கணக்குப் போடுகிறீர்கள். அதை 95 காசுக்கு வாங்கினால், கணக்கு கொஞ்சம் பிசகினாலும் நஷ்டம். 60 காசுக்கு வாங்கினால் தவறுக்கும் இடம் இருக்கிறது. நம் கணக்கு தவறலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் இது. 1930இல் கிரஹாமிடம் இல்லாமல் போனதும் இதுவே.

அதிர்ஷ்டமும் உண்டு

1948இல் அவரது நிறுவனம் கெய்கோ என்ற காப்புறுதி நிறுவனத்தின் பாதிப் பங்குகளை ஏழு லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கியது. அந்த ஒரே முதலீட்டின் லாபம், 20 ஆண்டுகளில் மற்ற எல்லா முதலீடுகளிலும் கிடைத்த மொத்த லாபத்தைவிட அதிகம். கிரஹாம் அதை மறைக்கவில்லை. தன் நூலின் பிற்காலப் பதிப்பில் அவரே அதை எழுதி, அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருந்ததாக ஒப்புக்கொண்டார்.

1956இல் நிறுவனத்தை மூடிவிட்டுக் கலிபோர்னியாவுக்குப் போனார், அங்கும் பாடம் நடத்தினார். 1976 செப்டம்பரில் பிரான்ஸில் காலமானபோது அவருக்கு 82 வயது. கடைசிக் காலத்தில், விலை குறைந்த பங்கைத் தேடிப்பிடிக்கப் பெரிய ஆராய்ச்சி செய்வது முன்போல் பலன் தராது என்ற முடிவுக்கு வந்திருந்தார். மொத்தச் சந்தையின் போக்கில் போகும் குறியீட்டு நிதிகளுக்கு ஆதரவாகவும் பேசினார்.

சரி, இப்போ நீங்க?

செயலியைத் திறக்கும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

- இது கடன் வாங்கிய பணமா? ஆமாம் என்றால் வேண்டாம்.

- வேலை போனால் சில மாதங்கள் சமாளிக்கத் தனியாகச் சேமிப்பு இருக்கிறதா?

- இந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

- நாளைக்கே விலை பாதியானால் பதறாமல் காத்திருக்க முடியுமா?

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பொதுவாக ஒரு லாட் என்பது 100 பங்குகள். சின்னத் தொகையில் தொடங்கலாம். எல்லாப் பணத்தையும் ஒரே நிறுவனத்தில் போட வேண்டாம். தனிப் பங்குகளை ஆராய நேரம் இல்லையென்றால், பல நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்த குறியீட்டு நிதியைப் பற்றி முதலில் படியுங்கள்.

நண்பர் சொன்ன அந்தப் பங்கு? அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இன்றிரவு அதைப் படியுங்கள், சந்தை நாளைக்கும் திறந்திருக்கும்.