சான்று தேடிய ரோசலிண்ட் பிராங்க்ளின்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் முன், தன்னுள் உறையும் மரபுச் செய்தி முழுவதையும் படியெடுத்துக் கொள்கிறது. அப்படியெடுப்பின் வழி யாதென 1953ஆம் ஆண்டு வரை எவரும் தெளிவாக அறிந்திலர். அதனை விளக்கிய டி.என்.ஏ. இரட்டைச் சுருளுக்கு அடிப்படைச் சான்றுகளைத் தேடித் தந்த பெண்மணி ரோசலிண்ட் பிராங்க்ளின்.

1920 சூலைத் திங்கள் 25ஆம் நாள், இலண்டனில், வசதி மிக்க யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜ் நியூனம் கல்லூரியில் பயின்றார். போர்க்காலத்தில் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து, 1945இல் முனைவர் பட்டம் பெற்றார். 1947 முதல் பாரிசில் பணியாற்றினார். எக்ஸ் கதிர்களைப் பொருளினூடே செலுத்தி, அவை சிதறும் பாங்கினால் அணுக்களின் அமைப்பை அறியும் கலையில் அங்கேதான் தேர்ச்சி பெற்றார்.

1951இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. ஆய்வை ஏற்றார். அங்கு முன்னரே அவ்வாய்வில் ஈடுபட்டிருந்த மாரிஸ் வில்கின்சுக்கும் அவருக்கும் பொறுப்புகள் தெளிவாக வகுக்கப்படவில்லை. அதனால் மனக்கசப்பு வளர்ந்தது. ஆயினும் பணி தளரவில்லை. ஈரம் குறைந்தபோது ஒரு வடிவமும், மிகுந்தபோது நீண்ட வேறொரு வடிவமும் டி.என்.ஏ. கொள்வதை அவர் பிரித்துக் காட்டினார். பாஸ்பேட்டுகள் வெளிப்புறமே அமைய வேண்டும் என்றும் உணர்ந்தார். 1952 மே மாதம், அவரும் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் நுண்ணிய இழையொன்றின்மீது அறுபது மணி நேரத்துக்கும் மேலாகக் கதிர்களைச் செலுத்தி எடுத்த 51ஆம் எண் படம், சுருள் வடிவுக்குரிய குறுக்குக் கோலத்தைத் தெளிவாகத் தாங்கியிருந்தது.

அப்படத்தை அவர் உடனே கொண்டாடவில்லை. உலர்ந்த வடிவத்தின் கணக்கை முதலில் முடிக்க எண்ணினார். சான்று நிறையுமுன் ஊகத்தை உண்மையென எழுத அவர் மனம் ஒப்பவில்லை.

1953 சனவரியில், அவர் அறியாமலே, அப்படத்தை வில்கின்ஸ் ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். அவருடைய அளவுகள் அடங்கிய அறிக்கையொன்றும் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக்கின் கைக்கு எட்டியது. அடினைன் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் இணையும் என்ற நெறியை வாட்சனும் கிரிக்கும் கண்டனர். இரு இழைகளும் பிரிந்தால், ஒவ்வொன்றும் தன் இணையைப் புதிதாகப் படைத்துக்கொள்ளும் அச்சாகும் என்பது அதனால் விளங்கிற்று. அவ்விருவரின் நுண்ணறிவு மறுக்கவொண்ணாதது. அந்த இணைநெறியை ரோசலிண்ட் எட்டியிருக்கவில்லை. எனினும் சுருளில் இழைகள் இரண்டே என்ற முடிவுக்குத் தாமே வந்து, மார்ச் 17 அன்று ஒரு வரைவும் எழுதியிருந்தார்.

ஏப்ரல் 25 அன்று ‘நேச்சர்’ இதழில் மூன்று கட்டுரைகள் ஒருசேர வந்தன. அவருடையது மூன்றாவதாக, பிறர் கண்டதற்குத் துணைச் சான்று போல நின்றது. அவ்விதழிலேயே வெளிவந்த மாதிரி எந்த அளவுக்குத் தம் சான்றுகளின்மீது எழுந்தது என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை.

அதற்குள் அவர் பிர்க்பெக் கல்லூரிக்குச் சென்றிருந்தார். புகையிலைத் தேமல் வைரசின் புரத உறைக்குள் ஆர்.என்.ஏ. எங்ஙனம் அமைந்துள்ளது என்பதைத் தம் குழுவினருடன் கண்டறிந்தார். 1956இல் புற்றுநோய் தாக்கிற்று. அறுவை மருத்துவத்துக்குப் பின்னரும் ஆய்வகத்தை விடவில்லை. 1958 ஏப்ரல் 16 அன்று, 37ஆம் அகவையில் மறைந்தார். மறுநாள் பிரசல்சில் தொடங்கிய உலகப் பொருட்காட்சியில், அவர் உழைப்பால் உருவான வைரஸ் மாதிரி மக்கள் பார்வைக்கு நின்றது. பிரிந்த இழையொவ்வொன்றும் புதிய இணையைப் பெறுவதை மெசல்சனும் ஸ்டாலும் மெய்ப்பித்த கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். மறைந்தவர்க்கு அப்பரிசு வழங்கும் வழக்கமில்லை. அவருடன் உழைத்த ஆரன் குளூக் 1982இல் அப்பரிசைப் பெற்றார். இலண்டனில் உள்ள ரோசலிண்டின் கல்லறை, வைரஸ் ஆய்வில் அவர் ஆற்றிய பணியைப் போற்றுகிறது. டி.என்.ஏ. பற்றி அக்கல்லில் ஓர் எழுத்தும் இல்லை.