கரம் காத்த கெட்டரிங்

நுழையும்முன்

அரூர்ப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் புறப்படும் முதல் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே எஞ்சினைக் கிளப்பிவிடுகிறார். என்றேனும் அது கிளம்ப மறுத்தால், 'செல்ஃப் எடுக்கவில்லை' என்கிறார். தமிழ்ப் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்ட இச்சொல் குறிக்கும் கருவி வருவதற்கு முன்னர், வண்டியின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அப்பணியில் விரலும் மணிக்கட்டும் முறிந்தவர் பலர், உயிரிழந்தவரும் உண்டு. அந்த ஆபத்தை நீக்கிய பொறியாளர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் விவரிக்கிறது.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் லௌடன்வில் என்னும் சிற்றூருக்கு அருகே ஓர் உழவர் குடும்பத்தில் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங் பிறந்தார். வயல் வேலையும் பழுதுபார்க்கும் வேலையும் அவருக்கு இளமையிலேயே பழகின. கல்வியில் ஆர்வம் மிகுந்திருந்தபோதிலும் கண்பார்வைக் குறைபாடு அவரைத் தொடர்ந்து வருத்தியது. நெடுநேரம் படித்தால் தாங்க முடியாத தலைவலி உண்டாகும். பள்ளிப் படிப்பை முடித்தபின் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். கண்நோய் முற்றியதால் படிப்பை இடையில் நிறுத்தவேண்டி வந்தது.

அவர் சோர்ந்து வீட்டில் அமர்ந்துவிடவில்லை. தொலைபேசிக் கம்பி இழுக்கும் தொழிலாளர் குழுவில் சேர்ந்து, கம்பம் நட்டும் கம்பி கட்டியும் உழைத்து, அக்குழுவின் தலைவராக உயர்ந்தார். நூல்களில் படித்த மின்னியலை அங்கே கைகளால் கற்றார். உடல்நிலை தேறியதும் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பி, 1904ஆம் ஆண்டு மின் பொறியியலில் பட்டம் பெற்றார். அப்போது உடன் பயின்றவர்களைவிட அவர் வயதில் மூத்தவராக இருந்தார். தொழிலாளரோடு உழைத்த அனுபவமோ அவருக்குப் பெருஞ்செல்வமாயிற்று.

பட்டம் பெற்றதும் டேட்டன் நகரிலிருந்த தேசியப் பணப்பதிவுக் கருவி நிறுவனத்தில் ஆய்வுப் பணியில் அமர்ந்தார். கடைகளில் விற்பனைத் தொகையைப் பதிவுசெய்து பணப்பெட்டியைத் திறக்கும் கருவியை அக்காலத்தில் கையால் சுற்றி இயக்கினர். அதனை மின்மோட்டாரால் இயங்கச் செய்தார் கெட்டரிங். பணப்பெட்டி நாள் முழுவதும் இடைவிடாது இயங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் ஓரிரு நொடிகளே இயங்குகிறது. எனவே அதற்கு ஒரு சிறிய மோட்டாரே போதும் என்று அவர் கண்டறிந்தார். இந்த எளிய உண்மை பின்னாளில் மோட்டார் உலகையே மாற்றவிருந்தது.

கைப்பிடியும் காயமும்

பெட்ரோல் எஞ்சின் ஓய்ந்திருக்கும் நிலையிலிருந்து தானாக ஓடத் தொடங்காது. முதலில் வெளியிலிருந்து யாரேனும் அதன் சுழல் அச்சைச் சுற்ற வேண்டும். அப்போதுதான் பெட்ரோல் கலந்த காற்று உருளைக்குள் புகுந்து, பிஸ்டனால் அழுத்தப்பட்டு, மின்பொறியால் தீப்பற்றி, அச்சை உந்தித் தள்ளும். இந்த முதற் சுழற்சியைத் தருவதற்காகவே வண்டியின் முன்புறத்தில் கைப்பிடி பொருத்தப்பட்டது.

கைப்பிடியால் கிளப்பும்போது, பிஸ்டன் உருளையின் உச்சியை அடைந்தபின் தீப்பொறி எழுந்தால் எஞ்சின் முறையாகக் கிளம்பும். கையால் சுற்றும்போது அச்சு மெதுவாகவே சுழலும். அந்நிலையில் பிஸ்டன் உச்சியை அடையும் முன்னரே தீப்பொறி எழுந்துவிட்டால், வெடிப்பின் விசை பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளும். அச்சு எதிர்த்திசையில் சுழலும்; அதனோடு பிணைந்த கைப்பிடியும் பெருவேகத்துடன் திரும்பிச் சுற்றுபவரின் கையைத் தாக்கும். மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பில் உண்டாகும் ஒருவகை முறிவுக்கு மருத்துவ நூல்கள் 'ஓட்டுநர் முறிவு' என்றே பெயரிட்டன. தொழில் ஒன்றன் பெயரால் ஒரு முறிவு வழங்கப்பட்டது என்றால், அத்துன்பம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை உணரலாம்.

தடுப்பு முயற்சிகள்

ஆபத்தைக் குறைக்கப் பல வழிகள் கையாளப்பட்டன. தீப்பொறி எழும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கென ஓட்டுநர் அருகே ஒரு நெம்புகோல் இருந்தது. கைப்பிடியைத் தொடும் முன்னர் அதனைப் பின்தள்ளி வைக்க வேண்டும். கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு பிடித்தால் கைப்பிடி எதிர்த்துத் திரும்பும்போது கையிலிருந்து நழுவிவிடும். வலக்கையைவிட இடக்கையால் சுற்றுவதே பாதுகாப்பானது என்றும் ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

கருவியிலும் சில காப்புகள் சேர்க்கப்பட்டன. கைப்பிடி அச்சோடு இணையும் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டதால், எஞ்சின் முன்னோக்கி விரைந்ததும் கைப்பிடி தானே விலகிக்கொண்டது. எஞ்சின் எதிர்த்திசையில் சுழன்றால் கைப்பிடியை அச்சிலிருந்து துண்டித்துவிடும் அமைப்புகளும், தீப்பொறி நெம்புகோலைப் பின்தள்ளினாலன்றிக் கைப்பிடியைச் செருகவே இயலாத அமைப்புகளும் ஆக்கப்பட்டன. சுருள்வில், அழுத்தக் காற்று, அசிட்டிலீன் வாயு ஆகியவற்றால் எஞ்சினைக் கிளப்பவும் சிலர் முயன்றனர்.

கைப்பிடியின் இயல்பைத் தமிழக உழவர்களும் அறிவார்கள். அரூர் வட்டாரம் போன்ற கிணற்றுப் பாசனப் பகுதிகளில் மின்மோட்டார் பரவுவதற்கு முன்னர், நீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களைக் கைப்பிடியால் சுற்றியே கிளப்பினர். முதலில் ஒரு நெம்புகோலைத் தூக்கி உருளையின் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, கனத்த சக்கரம் வேகம் பெறும்வரை சுற்றுவர். பிறகு நெம்புகோலை விடுவிப்பர், எஞ்சின் உயிர்பெறும். வேகம் போதாத நிலையில் நெம்புகோலை விட்டால், அங்கும் கைப்பிடி திரும்பி அடிக்கும்.

இக்காப்புகளுள் பெரும்பாலானவை மனிதனின் கவனத்தை நம்பியே இருந்தன. விடியற்குளிரில் விரல் விறைத்து நிற்பவரும், நெடுந்தொலைவு ஓட்டிக் களைத்தவரும், அவசரத்தில் நெம்புகோலை மறந்தவரும் ஒரு கணப் பிழைக்குக் கையை விலையாகக் கொடுத்தனர். சுற்றுவதற்கு வலிமை வேண்டியிருந்ததால், முதியோரும் பெண்கள் பலரும் பெட்ரோல் வண்டியைத் தனித்து ஓட்ட இயலாதவராயினர்.

களஞ்சியத்தில் பிறந்த கருவி

டேட்டன் நகரில் எட்வர்டு டீட்ஸ் என்னும் நண்பரின் வீட்டுக் களஞ்சியத்தில், வேலை நேரம் முடிந்தபின் கெட்டரிங்கும் நண்பர்கள் சிலரும் கூடி மோட்டார் வண்டிகளுக்கான மின்கருவிகளை ஆராய்ந்தனர். 1909ஆம் ஆண்டில் அவர்கள் உருவாக்கிய மேம்பட்ட தீமூட்டு அமைப்பைக் காடிலாக் மோட்டார் நிறுவனம் வாங்கியது. அதனையடுத்து டெல்கோ என்னும் சுருக்கப் பெயரால் புகழ்பெற்ற நிறுவனத்தைக் கெட்டரிங்கும் டீட்ஸும் தொடங்கினர்.

காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட். அவருடைய நண்பரும் வண்டி உற்பத்தியாளருமான பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன காரொன்றை ஓட்டிவந்த பெண்ணுக்கு உதவும் பொருட்டுக் கைப்பிடியைச் சுற்றினார் என்றும், அது திருப்பி அடித்ததால் தாடை முறிந்து பின்னர் உயிர்நீத்தார் என்றும் மோட்டார் வரலாற்றில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அந்நிகழ்வின் காலமும் விவரங்களும் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. எனினும், தம் வண்டிகளால் எவரும் காயமுறலாகாது என்னும் உறுதியுடன் லேலண்ட் இச்சிக்கலைக் கெட்டரிங்கிடம் ஒப்படைத்தார்.

மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பலாம் என்னும் எண்ணம் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால், அத்தகைய மோட்டார் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். அதனையும் அதற்குரிய மின்கலங்களையும் சுமக்க வண்டியில் இடமிராது என்று வல்லுநர் பலர் கருதினர். கெட்டரிங்கோ தம் பழைய பணப்பெட்டியை நினைவுகூர்ந்தார். எஞ்சினைக் கிளப்பும் வேலை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. நெடுநேரம் தாங்கமுடியாத சுமையையும் ஒரு சிறு மோட்டார் சில நொடிகள் தாங்கும். அது சூடேறும் முன்னரே எஞ்சின் ஓடத் தொடங்கிவிடும்.

இக்கருத்தின்படி சிறிய மோட்டார் ஒன்றைப் பற்சக்கரங்களின் வழியே எஞ்சினோடு இணைத்தார். எஞ்சின் வேகம் பெற்றதும் மோட்டார் அதனோடு இழுபட்டுச் சிதையாதவாறு, ஒரே திசையில் மட்டும் பற்றும் இணைப்பை அமைத்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, தான் செலவழித்த மின்சாரத்தை மின்கலங்களுக்குத் திருப்பி ஊட்டியது. கிளப்பும்போது மின்கலங்கள் தொடரிணைப்பில் 24 வோல்ட் அளித்தன. மின்னேற்றம் பெறும்போது பக்க இணைப்பில் 6 வோல்ட்டுக்கு மாறின. விளக்குகளுக்கும் தீப்பொறிக்கும் அவையே மின்சாரம் வழங்கின. தொடங்கல், தீமூட்டல், ஒளியூட்டல் ஆகிய மூன்றும் ஒரே அமைப்பில் இணைந்தன.

1911ஆம் ஆண்டு பிப்ரவரியில் இக்கருவி காடிலாக் வண்டியில் இயக்கிக் காட்டப்பட்டது. 1912ஆம் ஆண்டுக்கான காடிலாக் வண்டிகள் அனைத்தும் இதனுடன் விற்பனைக்கு வந்தன. இங்கிலாந்தின் டீவார் கோப்பை என்னும் சிறப்பு அந்நிறுவனத்துக்கு இக்கருவியின் பொருட்டு வழங்கப்பட்டது. கெட்டரிங்கின் காப்புரிமை 1915இல் உறுதியாயிற்று. விலை குறைந்த ஃபோர்டு டி வகை வண்டிகளிலும் 1919இல் இக்கருவி இடம்பெறத் தொடங்கியது. பின்னரும் பல ஆண்டுகள் வண்டிகளில் கைப்பிடி உடன்வைக்கப்பட்டது. ஆனால் அது மின்கலம் கைவிடும் நாளுக்கான துணையாக மட்டுமே எஞ்சியது.

முந்தைய காப்புகள் ஆபத்து இருக்கும் இடத்தில் எச்சரிக்கையாக நிற்க மனிதனுக்குக் கற்பித்தன. கெட்டரிங் அந்த இடத்தில் மனிதன் நிற்கவேண்டிய தேவையையே நீக்கினார். பிழை செய்வது மனித இயல்பு. அப்பிழைக்கு உறுப்பை விலையாகக் கேளாதிருப்பதே நல்ல கருவியின் இலக்கணம் என்பதை அவருடைய கண்டுபிடிப்பு நிறுவியது.

ஈயத்தின் நிழல்

1920ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமையேற்ற கெட்டரிங், 1947 வரை அப்பொறுப்பில் இருந்தார். விரைந்து உலரும் வண்ணப்பூச்சு, தொடர்வண்டிக்கான டீசல் எஞ்சின் முதலிய பல முன்னேற்றங்கள் அவர் தலைமையில் நிகழ்ந்தன. அவர் பெயரில் 180க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் உள்ளன. தோல்வியும் அவருக்குப் புதிதன்று. நீருக்கு மாற்றாகச் செம்புத் தகடுகளின் வழியே காற்றால் குளிரும் எஞ்சினை அவர் ஆக்கினார். 1923இல் அவ்வண்டிகளை நிறுவனம் திரும்பப் பெற நேர்ந்தது.

மற்றொரு பணியின் விளைவு இன்னும் கடுமையானது. அழுத்தம் மிகுந்த எஞ்சின்களில் எரிபொருள் சீராக எரியாமல் தட்டும் ஓசை எழுந்தது. கெட்டரிங்கின் தீமூட்டு அமைப்பே அதற்குக் காரணம் என்று சிலர் குறைகூறினர். எரிபொருளின் இயல்பே காரணம் எனக் கண்ட அவர், தாமஸ் மிட்ஜ்லி என்னும் தம் உதவியாளருடன் அதற்கு மருந்து தேடினார். 1921இல் ஈயம் கலந்த ஒரு சேர்மம் அத்தட்டலை நிறுத்துவதை மிட்ஜ்லி கண்டறிந்தார். அதனை விற்க 1924இல் தொடங்கப்பெற்ற நிறுவனத்துக்குக் கெட்டரிங்கே தலைவரானார்.

ஈயம் நஞ்சு என்பது அன்றே அறிந்த உண்மை. 1924ஆம் ஆண்டு நியூஜெர்சியில் அச்சேர்மத்தை ஆக்கிய தொழிற்கூடத்தில் தொழிலாளர் ஐவர் இறந்தனர். மேலும் பலர் நோயுற்றனர். மருத்துவர்கள் எச்சரித்தனர். எனினும் விற்பனை தொடர்ந்தது. வண்டிப் புகையோடு வெளிப்பட்ட ஈயம் பல பத்தாண்டுகள் உலகெங்கும் காற்றில் கலந்து, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியா 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. 2021இல் அல்ஜீரியாவில் நிறுத்தப்பட்டதோடு மோட்டார் வண்டிகளுக்கான அதன் விற்பனை உலகில் முற்றுப்பெற்றது.

கைப்பிடியின் அடி சுற்றுபவரின் கண்முன் நிகழ்ந்தது. எனவே அதனை ஒழிக்க உலகம் விரைந்தது. ஈயத்தின் அடி கண்ணுக்குப் புலப்படவில்லை. அதனைத் தாங்கியவர்களுள் பலர் வண்டியில் ஏறியவரும் அல்லர். செல்ஃப் மோட்டாரில் கெட்டரிங் வகுத்த அளவுகோலை அவருடைய ஈயப் பெட்ரோலின்மீது வைத்தால், அது தேறாது. ஒருவரது அறிவின் உயரத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே காண்பதே வரலாற்றைக் கற்கும் நெறியாகும்.

நிறைவு

கெட்டரிங் 1905இல் மணந்த ஆலிவ் அம்மையார் 1946இல் புற்றுநோயால் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் நியூயார்க்கில் புற்றுநோய் ஆய்வுக்கென நிறுவப்பெற்ற நிலையம், ஆல்ஃபிரட் ஸ்லோன் என்பவரோடு கெட்டரிங்கின் பெயரையும் தாங்கி இன்றும் இயங்கி வருகிறது. 1958ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் டேட்டனில் கெட்டரிங் காலமானார்.

உலகின் எந்தச் சாலையில் எந்த ஓட்டுநர் சாவியைத் திருப்பினாலும், அந்தச் சில நொடிகள் ஒரு சிறிய மோட்டார் தன் அளவுக்கு மிஞ்சிய சுமையைத் தாங்குகிறது. முன்பு அச்சுமையைத் தாங்கியது மனிதக் கை. அக்கை இன்று முறியாமல் இருக்கிறது என்பதே கெட்டரிங்கின் வாழ்வு விட்டுச்சென்ற நன்மை. புதிய கருவி எதனையும் ஆக்குவோர், அதன் ஆபத்தை யார் தலையில் வைக்கிறோம் என்று முதலில் வினவ வேண்டும் என்பதே அவ்வாழ்வு விட்டுச்சென்ற பாடம்.