அர்தேசிர் கோத்ரெஜ்

அர்தேசிர் கோத்ரெஜ் (மார்ச் 26, 1868 - சனவரி 1936) இந்தியாவில் பூட்டு, இரும்புப் பெட்டகத் தொழிலுக்கு வித்திட்ட பார்சி தொழில் முனைவர் ஆவார்.

மும்பையில் பிறந்த இவர், சட்டம் பயின்று சான்சிபாரில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். கட்சிக்காரருக்காக உண்மையைத் திரிக்க மனமின்றி அத்தொழிலைத் துறந்து நாடு திரும்பினார். அறுவை மருத்துவக் கருவிகளில் இந்தியத் தயாரிப்பு எனப் பொறிக்க வாங்குபவர் இணங்காமையால் அம்முயற்சியையும் கைவிட்டார்.

பெட்டகங்கள்

1897 இல் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய இவர், 1902 இல் பெட்டகங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெட்டகம் திருடனை மட்டுமன்றித் தீயையும் தடுக்க வேண்டும் என்பது இவரது கொள்கை. இரும்பு வெப்பத்தைக் கடத்துவதால், தகடு எவ்வளவு தடித்திருந்தாலும் உள்ளிருக்கும் பத்திரங்கள் கருகிவிடும். எனவே தீ தாங்கும் பெட்டகங்களில் இரு சுவர்களுக்கிடையே வெப்பம் எளிதிற் கடத்தாப் பொருள் நிரப்பப்படுகிறது. 1925 இல் கொல்கத்தாவின் தர்மதலாவில் நேர்ந்த பெருந்தீயில் இவரது பெட்டகங்களில் இருந்தவை எரியாமல் தப்பின.

தமிழ்நாட்டு வீடுகளில் நகையும் பத்திரமும் வைக்கப்படும் பீரோ இதனின் வேறானது. இவரது நிறுவனம் எஃகு அலமாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது 1923 இல்தான். மெல்லிய தகட்டாலான பீரோ, பூட்டு எத்துணை உறுதியானதாயினும், தீ தாங்கும் பெட்டகம் அன்று.

பிற்காலம்

விலங்குக் கொழுப்பின்றித் தாவர எண்ணெயில் சவர்க்காரம் தயாரித்ததும் இவரது நிறுவனமே. திலகர் நினைவு நிதிக்கு 3 இலட்சம் ரூபாய் வழங்கினார். பின்னர் நிறுவனத்தைத் தம்பி பிரோசா வசம் ஒப்படைத்துவிட்டு நாசிக்கில் வேளாண்மையில் ஈடுபட்டார்.