ராஜாவைப் பார்க்க எந்தக் கோட்டு?

கோடைக்கு ஏற்ற சூட்டு ஒன்றைத் தைக்கக் கொடுத்தவருக்கு அடுத்த கவலை என்ன? சட்டைதான்! வெள்ளையா, இளநீலமா? கோடு போட்டதா, போடாததா? சட்டை முடிவானால் டை வந்து நிற்கும். பட்டு டையா, பருத்தி டையா? கடைக்காரர் ஒன்று சொல்வார். வீட்டிலே வேறொன்று சொல்வார்கள்.

செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்த ஒருவர், இங்கிலாந்து ராஜாவையே பார்க்கப் போனார். அவருடைய உடையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். நிறத்துக்காக அல்ல, தையலுக்காகவும் அல்ல. சட்டையே போடக்கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக அவர் கோட்டு அணிந்து போனார்.

அவர்தாம் இரட்டைமலை சீனிவாசன்.

கப்பலேறிய துணி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையை இன்றும் பார்க்கலாம். அவர்கள் துணி வாங்க வந்தவர்கள். அந்த வட்டாரத்துத் தறிகளில் நெய்த துணி கப்பலேறிப் போயிற்று. கடல் கடந்த நாட்டார் அதை உடுத்தி மகிழ்ந்தார்கள்.

ஆனால் தமிழ்நாட்டின் பல கிராமங்களில், வயலில் உழைத்த ஆதிதிராவிட மக்களுக்கு நல்ல துணி உடுத்த உரிமை இல்லை. காசு இல்லாதது ஒரு காரணம். காசு இருந்தாலும் உடுத்த விடமாட்டார்கள் என்பது இன்னொரு காரணம்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் இந்த மக்களின் நிலையை நேரில் கண்டார். 1891-ல் சர்க்காருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அவர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். அதையொட்டி 1892-ல் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்லுகிறோமே, அது இப்படி வந்ததுதான்.

மணி அடித்த பிறகு

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில், 1860-ஆம் ஆண்டு வாக்கில் சீனிவாசன் பிறந்தார். இரட்டைமலை என்பது அவருடைய தந்தையின் பெயர்.

கோயமுத்தூரில் அவர் படித்தார். அங்கே சுமார் நானூறு மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். எந்த ஊர், என்ன ஜாதி, யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சிறுவன் அஞ்சினான். பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் உள்ளே நுழைவான். பாடம் முடிந்ததும் விரைந்து வீடு திரும்பிவிடுவான். மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட முடியவில்லையே என்ற ஏக்கம் அவன் மனத்தில் தங்கிவிட்டது.

தன்னை மறைத்துக்கொண்டு படித்த பையன் இவன். பின்னால் இவன் என்ன செய்தான் என்பதில்தான் கதை இருக்கிறது.

பெயரையே பத்திரிகையாக்கினார்

படிப்பு முடிந்தது. நீலகிரியில் வெள்ளைக்காரர்களின் வியாபார நிலையங்களில் கணக்கராக வேலை பார்த்தார். 1890-ல் சென்னைக்கு வந்தார்.

1893 அக்டோபரில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைத்தார்? எந்தப் பெயரைச் சொல்லி ஊரார் இழிவுபடுத்தினார்களோ, அந்தப் பெயரையே வைத்தார். பறையன் என்பதே பத்திரிகையின் பெயர்! மறைத்தால் அச்சம் போகாது, வெளியே சொன்னால்தான் போகும் என்பது போல இருந்தது அந்தத் துணிச்சல்.

அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். பரீட்சையை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று தலைவர்கள் கேட்டார்கள். அப்படி நடத்தினால் மேல்ஜாதியாரே எல்லாப் பதவிகளையும் பிடித்துக்கொள்வார்கள், ஏழை ஜனங்களுக்கு நியாயம் கிடைக்காது என்று சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அந்த மனுவின் நீளம் 112 அடி! அது இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்குப் போயிற்று.

1900-ல் அவர் கடல் கடந்து புறப்பட்டார். தென் ஆப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே வக்கீலாக இருந்த காந்திஜியோடு பழக்கம் ஏற்பட்டது. 1921-ல் தாயகம் திரும்பினார். 1923-ல் சென்னை சட்டசபையில் நியமன உறுப்பினரானார். பொதுச் சாலையிலும், கிணற்றிலும், சத்திரத்திலும் எல்லாருக்கும் உரிமை வேண்டும் என்று அங்கே வாதாடினார்.

சீமையில் ஒரு கோட்டு

1930 நவம்பர் 12. லண்டனில் வட்டமேஜை மாநாடு தொடங்கியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் தொடங்கி வைத்தார். மகாராஜாக்கள் வந்தார்கள். பெரிய வக்கீல்கள் வந்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் இருவர் போனார்கள். ஒருவர் டாக்டர் அம்பேத்கர். மற்றவர் எழுபது வயது சீனிவாசன்.

ராஜாவைப் பார்க்கும் நாள் வந்தது. தாம் தீண்டப்படாதவர் என்பதைக் காட்டும் ஒரு பட்டையைத் தம் கோட்டில் அணிந்துகொண்டு சீனிவாசன் போனார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ராஜா கை நீட்டினாராம். சீனிவாசன் உடனே கை கொடுக்கவில்லையாம். தீண்டாமை என்றால் என்ன என்று ராஜா விசாரித்தாராம். தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தால்கூடத் தூக்கிவிடமாட்டார்களா என்று கேட்டாராம். மாட்டார்கள் என்று சீனிவாசன் சொன்னதும், ராஜா திடுக்கிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

சிறு வயதில் ஜாதியைக் கேட்பார்களோ என்று ஒளிந்தவர், அரண்மனையில் அதை மார்பிலேயே எழுதிக்கொண்டு நின்றார் என்பதுதான் இந்தக் கதையின் உயிர்.

அதே டிசம்பரில்

லண்டனில் மாநாடு நடந்துகொண்டிருந்தது. அதே 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் என்ன நடந்தது தெரியுமா? ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க ஜாதியார் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக்கூடாது. செருப்பும் குடையும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தானியம் அழிந்தது. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

அங்கே ஒரு கோட்டு ராஜாவின் முன் நின்றது. இங்கே ஒரு பனியனுக்காக வீடு எரிந்தது!

அடுத்த ஆண்டு, 1931 நவம்பரில், காந்திஜி அதே ராஜாவின் அரண்மனைக்கு அரைத்துணியோடு போனார். ஏழைகள் உடுத்துவதையே தாமும் உடுத்துவது என்று 1921-ல் மதுரையில் அவர் எடுத்த முடிவு அது. சட்டை போட்டுப் பழகியவர் அதைக் கழற்றியது ஒரு போராட்டம். போடாதே என்று தடுக்கப்பட்டவர் அதைப் போட்டுக்கொண்டது இன்னொரு போராட்டம். அம்பேத்கர் எப்போதும் சூட்டும் டையுமாக இருந்ததையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையெழுத்திட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர்.

முடிவு

சர்க்கார் அவருக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் கொடுத்தது. 1939-ல் அவர் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18-ல் காலமானார்.

தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2000-ல் அவர் உருவத்தோடு தபால்தலை வெளிவந்தது. சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

காலையில் கண்ணாடி முன் நின்று, எந்தச் சட்டை நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளச் சொல்லுகிறோம். அப்படிச் சொல்ல முடியாத வீடுகள் இந்த நாட்டில் ஏராளமாக இருந்தன. அந்த வீடுகளுக்காகத்தான் கோழியாளத்துக் கிழவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கடல் கடந்தார்.