புல்லியல் வல்ல ஆக்னஸ் சேஸ் அம்மையார்

அற்பமான பொருளுக்குப் புல்லை உவமை கூறுதல் உலக வழக்கு. நெல்லும் கோதுமையும் கரும்பும் மூங்கிலும் புல்லினத்தைச் சார்ந்தனவே என்பதை மறந்தன்றோ அங்ஙனம் கூறுகின்றோம்! அப்புல்லினம் ஒன்றையே தம் வாழ்நாளின் பெரும்பகுதி ஆராய்ந்து, அதன்பொருட்டு மலைகளேறியும், ஊதியமின்றி உழைத்தும், தொண்ணூற்று நான்காண்டு நிறைவாழ்வு வாழ்ந்த அமெரிக்கப் பெருமாட்டி ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்குத் தாவர நூலில் என்ன உரிமையென்று நண்பர் சிலர் வினவக்கூடும். புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும், அகத்தே வயிரமுடையதை மரமென்றும் வகுத்த மரபியலைப் பாடங்கேட்டுக்கொண்டிருந்தபொழுதே இவ்வாசை எம்முள் எழுந்தது என்பது எம் விடை.

ஆக்னஸ் அம்மையார் 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இல்லினாய் மாகாணத்தில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் மக்களுடன் சிக்காகோ நகரை அடைந்தார். வறுமையின் கொடுமையால் சிறுமியின் கல்வி தொடக்கப் பள்ளியோடு நின்றது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பதும் பிழை திருத்துவதும் அவர்க்குப் பிழைப்பாயின. அவ்வாறு பணிசெய்த பத்திரிகையின் ஆசிரியராகிய வில்லியம் சேஸ் என்பவரை 1888-இல் மணந்தார். ஓராண்டு நிறையுமுன்னரே கணவர் காசநோயால் இறந்தார். பத்தொன்பது வயதில் கைம்மையும் கடனும் ஒருங்கே அவரை வந்தடைந்தன. எம் வயதும் பத்தொன்பதேயாதலின், இவ்விடத்தைப் படித்தபொழுது புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளா இருந்தோம்.

இரவெல்லாம் செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்தி, அவரையும் ஓட்ஸ் கஞ்சியும் உண்டு, அக்கடனைத் தீர்த்தார். 1893-இல் சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குத் தம் உறவினச் சிறுவன் ஒருவனுடன் சென்று வந்தபின், செடிகொடிகளில் அவர் உள்ளம் ஈடுபட்டது. ஓய்வு நாட்களில் காடு மேடெல்லாம் அலைந்து செடிகளைத் தொகுக்கலானார். அக்காலத்தில், பாசியினங்களில் வல்லவரும் ஓய்வுபெற்ற போதகருமாகிய ஹில் என்பவரின் நட்பு வாய்த்தது. அவர் இவருக்கு நுண்ணோக்கியைக் கையாளக் கற்பித்தார். இவர் அவர் கண்ட செடிகளுக்குப் படம் வரைந்து தந்தார். அந்நுண்ணோக்கிப் பயிற்சியே சிக்காகோ இறைச்சித் தொழுவங்களில் இறைச்சியைச் சோதிக்கும் வேலையையும் தேடித் தந்தது. காட்சிசாலை வெளியிட்ட தாவர நூல்களுக்கும் ஓவியம் வரைந்தார். 1903-இல் வாஷிங்டன் நகரில் அரசாங்க வேளாண்மைத் துறையில் ஓவியராக அமர்ந்தார். பகலில் வேலை, மாலையில் ஹெர்பேரியம் என்னும் உலர்செடித் தொகுதியில் தம் சொந்த ஆராய்ச்சி. புல்லியற் பேரறிஞர் ஹிட்ச்காக் அவரது திறமையைக் கண்டு தமக்குத் துணையாக்கிக்கொண்டார். இருவரும் இணைந்து 1910-இல் வட அமெரிக்கப் பானிக்கம் புற்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டனர்.

புல்லை ஆராய்தல் எளிதென்று எண்ணற்க. ரோஜாவுக்கும் தாமரைக்கும் இதழும் நிறமும் உண்டு. புல்லின் பூவோ பச்சைச் செதில்களுள் ஒளிந்து கிடக்கும். அப்பூவைத் தொடக்கநிலை மாணவர்க்குக் காட்ட வேண்டியே அம்மையார் 1922-இல் புற்களின் முதற்புத்தகம் என்னும் நூலை எழுதினார். எளிய புல்லில் தொடங்கி, படிப்படியாகச் சிக்கலானவற்றுக்கு ஏறிச் செல்வது அந்நூலின் முறை.

ஃபெஸ்க்யூ என்னும் புல்லைக்கொண்டு அம்முறையைச் சிறிது விளக்குவோம். இது குளிர்நாட்டுப் புல்; நம் வெப்பச் சமவெளியில் இயல்பாய் வளர்வதன்று. தாவர நூலார் இதன் இனத்தை ஃபெஸ்டூகா என்பர். லின்னேயஸ் பெருமான் 1753-இல் வெளியிட்ட நூலிலேயே செந்நிற ஃபெஸ்க்யூவும் ஆட்டு ஃபெஸ்க்யூவும் பெயர் பெற்றுள்ளன. இப்புல்லின் சிறுகதிர் ஒன்றை எடுத்து நோக்கின், அடியில் ஒன்று சிறிதும் ஒன்று பெரிதுமாக இரண்டு வெற்றுமிகள் தோன்றும். அவற்றின்மேல் பல பூக்கள் இருபுறமும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பூவையும் மூடும் வெளிச்செதிலுக்கு நரம்பு ஐந்து, முதுகு உருண்டை, நுனி கூரியது, அல்லது குறும்புசை ஒன்று நீட்டியது. உள்ளே மகரந்தத் தாள்கள் மூன்றும், இறகு போன்ற சூல்முடிகள் இரண்டும் உள. புரோமஸ் என்னும் புல் இதனைப் பெரிதும் ஒக்கும். ஆயினும் அதன் கூர்முள் செதில் நுனியின் இரு பற்களுக்கிடையே தோன்றும். ஃபெஸ்க்யூவிலோ நுனியே முள்ளாக நீளும். போவா என்னும் மற்றொரு புல்லின் செதில் முதுகு ஓடத்தின் அடிபோல மடிந்திருக்கும். அதற்கு முள் இல்லை. ஒரு புல்லுக்குப் பெயரிடுவதற்கு இத்துணை நுட்பம் வேண்டும். விடுதி முற்றத்து அறுகம்புல்லைப் பிடுங்கி உருப்பெருக்காடியில் பார்த்துக் கண்ணெரிச்சல் பெற்ற எமக்கு, அம்மையாரின் பொறுமை வியப்பை விளைவித்தது.

பெயரில் என்ன இருக்கிறதென்று கேட்பார்க்கு மற்றொரு ஃபெஸ்க்யூவின் கதையைச் சொல்லுவோம். நெடிய ஃபெஸ்க்யூ ஆழ வேரோடி மண்ணரிப்பைத் தடுப்பது, வறட்சியைத் தாங்குவது. 1931-இல் கென்டக்கி மாகாணத்து மலைச்சரிவொன்றில் செழித்திருந்த அப்புல்லைப் பேராசிரியர் ஒருவர் கண்டு விதை கொணர்ந்தார். 1943-இல் அது கென்டக்கி 31 என்னும் பெயரால் உழவர்க்கு வழங்கப்பெற்று விரைவில் எங்கும் பரந்தது. அப்புல்லை மேய்ந்த மாடுகள் சில, குளம்பழுகி நொண்டின, வெயில் பொறாது வாடின, பால் குறைந்தன. காரணம் நெடுநாள் புலப்படவில்லை. புல்லினுள்ளே புறத்தே தெரியாமல் வாழும் பூஞ்சை ஒன்றே காரணமென்று 1977-இல் வெளிப்பட்டது. பூஞ்சையை நீக்கினால் மாடு நலம்பெறும். புல்லோ பூச்சிக்கும் வறட்சிக்கும் ஆற்றாது மெலியும். எந்த வயலில் நிற்பது எந்தப் புல் என்று ஐயமறத் துணிந்தாலன்றி இத்தகைய ஆராய்ச்சியின் முதற்படியும் ஏற இயலாது.

இனி, அம்மையார் பெண்ணாய்ப் பிறந்தமையால் உற்ற இடர்களைக் கூற வேண்டும். 1911-இல் பனாமா நாட்டுக்குத் தாவர ஆராய்ச்சிக் குழு ஒன்று சென்றது. உடன்செல்ல இவர் வேண்டினார். பெண்ணொருத்தி இருப்பின் ஆடவரின் கவனம் சிதறுமென்று பொருளுதவுவோர் அஞ்சினராம், இடம் மறுக்கப்பட்டது. இதைக் காட்டிலும் நகைத்தற்குரிய காரணத்தை யாம் கேட்டதில்லை. அம்மையார் சோர்ந்தாரல்லர். 1913-இல் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் போர்ட்டோ ரீக்கோத் தீவுக்குச் சென்று புல் தொகுத்துவந்தார்.

அக்காலத்தில் அமெரிக்கப் பெண்டிர்க்கு நாடு முழுதும் வாக்குரிமை இல்லை. அதனைப் பெறுதற்குக் குடியரசுத் தலைவரின் மாளிகை வாயிலில் அமைதியாக நின்று கிளர்ச்சிசெய்த மாதருள் இவரும் ஒருவர். 1918-இல் சிறைப்பட்டார். பிணைகொடுத்து வெளிவர மறுத்துப் பத்து நாள் உள்ளிருந்தார். உண்ணா நோன்பு தொடங்கினார். காவலர் வலிந்து உணவு புகட்டினர். அரசாங்க ஊழியர்க்கு இந்நடத்தை தகாதென்று துறையார் குற்றஞ்சாட்டினர். வேலை போயிருக்கும், ஹிட்ச்காக் துணைநின்று காத்தார். உரிமை 1920-இல் சட்டமாயிற்று. பெரும்பாடுபட்டுப் பெற்ற ஆராய்ச்சி மேசையைப் பணயமாக வைத்தே இவர் அந்த வாயிலில் நின்றார் என்பதை எண்ணும்பொழுது, தேர்வு மதிப்பெண்ணுக்கு அஞ்சி வாய்திறவாதிருக்கும் எம்மனோர் நாணுதல் தகும்.

1922-இல் ஐரோப்பா சென்று, வியன்னா முதலிய நகரங்களிற் பாதுகாக்கப்பெற்ற பழைய புல் மாதிரிகளை நேரிற் கண்டு ஒப்பிட்டார். ஃபெஸ்க்யூ இனங்களுக்கு 1882-இல் தனிநூல் எழுதிய ஹாக்கலின் தொகுதியும் வியன்னாவிலேயே உள்ளது. 1924-இலும் 1929-இலும் பிரேசில் நாட்டுக்குப் பயணஞ்செய்தார். ஐம்பதைக் கடந்த, சிற்றுருவினராகிய மாது, கோவேறு கழுதைமேலும் கால்நடையாகவும் காடுகளைக் கடந்து, பண்டேரா சிகரம் போன்ற உயர்மலைகளில் ஏறிப் புல் தேடினார். ஆங்காங்கே பணிசெய்த மிஷனெரிகள் அவருக்குத் தங்க இடமும் வழித்துணையும் தந்து உதவினர் என்பதை எம் கல்லூரி இதழில் குறிக்காது விடல் ஆகாது.

ஹிட்ச்காக் ஐக்கிய அமெரிக்கப் புற்களின் கையேட்டை 1935-இல் வெளியிட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே கப்பற்பயணத்தில் காலமானார். அவர் இடத்தில் அம்மையார் அமர்ந்தார். 1939-இல், எழுபதாம் வயதில், ஓய்வு பெற்றார். மறுநாளும் அதே மேசைக்கு வந்தார் என்றே சொல்லத்தகும். இறுதிக்காலம் வரை ஊதியமின்றி உழைத்தார். 1940-இல் வெனிசுவேலா சென்றார். தென்னமெரிக்காவிலிருந்து புல்லியல் கற்க வந்த இளம்பெண்களுக்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார். தம் ஆசானின் கையேட்டைத் திருத்தி 1950-இல் மறுபதிப்பாக்கினார்.

அக்கையேட்டில் ஒருபருவ ஃபெஸ்க்யூக்களும் ஃபெஸ்டூகாவினுள்ளேயே வைக்கப்பட்டன. பின்வந்தோர் அவற்றை வல்பியா என்று தனியே பிரித்தனர். இன்று மரபணுச் சோதனை, அவை நுண்ணிலை ஃபெஸ்க்யூக்களின் நடுவிலேயே கிளைத்தவை என்றும், அகன்ற இலையுடைய நெடிய ஃபெஸ்க்யூ முதலியன லோலியம் என்னும் புல்லுக்கே நெருங்கிய உறவென்றும் காட்டுகின்றது. ஆதலின் நெடிய ஃபெஸ்க்யூவின் பெயர் நூலுக்கு நூல் வேறுபடுவதைக் கண்டு மாணவர் மயங்க வேண்டா.

1958-இல் இல்லினாய்ப் பல்கலைக் கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அவர் பெற்ற பட்டம் அது ஒன்றே. அப்பொழுது வயது எண்பத்தொன்பது. இளமை முதல் சீட்டுச் சீட்டாகத் தொகுத்துவந்த புல்லினப் பெயரட்டவணை 1962-இல் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. மறு ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் மேரிலாந்து மாகாணத்துப் பெத்தெஸ்தாவில் உயிர்நீத்தார். மடகாஸ்கர் தீவின் புல்லினம் ஒன்றுக்குச் சேஸக்ளோவா என்று 1949-இலேயே அவர் பெயர் இடப்பட்டிருந்தது. அமேசான் காட்டின் சிறு மூங்கிலினம் ஒன்றுக்கு 1993-இல் ஆக்னீசியா என்று பெயரிட்டனர்.