வண்டின் பின்னால் நடந்த ரைலி

அமெரிக்காவின் ராக்கி மலையை ஒட்டிய வறண்ட புல்வெளியில், கத்தரிக் குடும்பத்து முள்செடி ஒன்றைத் தின்று வாழ்ந்தது ஒரு மஞ்சள் வண்டு. அதன் முதுகில் பத்துக் கருங்கோடுகள். 1824இல் தாமஸ் சே என்ற ஆய்வாளர் அதை விவரித்தபோது எந்த விவசாயிக்கும் அதனால் கவலை இல்லை. செடி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது, வண்டும் அப்படியே. குடியேறிகள் மேற்கே வந்து உருளைக்கிழங்கை வயல் வயலாக நட்டதும் நிலைமை மாறியது. 1859இல் நெப்ராஸ்காவில் பயிரில் ஏறிய வண்டு, 1874இல் அட்லாண்டிக் கடற்கரையைத் தொட்டுவிட்டது.

அதைப் பின்தொடர்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் சார்லஸ் வாலண்டைன் ரைலி. 1843இல் லண்டனில் பிறந்தவர். 17 வயதில் கப்பலேறி, இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு கால்நடைப் பண்ணையில் சேர்ந்தார். உடம்பு ஒத்துழைக்காமல் அதை விட்டு, சிகாகோவில் 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாய இதழில் எழுதவும் படம் வரையவும் போனார். 1868இல் மிசௌரி மாநிலம் அவரைப் பூச்சியியல் அதிகாரியாக நியமித்தது. பூச்சிகளை வளர்த்துப் பார்த்து, தாமே படம் வரைந்து, ஒன்பது ஆண்டறிக்கைகள் எழுதினார். இன்றும் அவை பூச்சியியல் மாணவர்கள் புரட்ட வேண்டியவை.

வண்டு இப்படிப் பெருகக் காரணம் எளிது. ஒரு பெண் வண்டு இலைக்கடியில் கொத்துக் கொத்தாகச் சில நூறு முட்டைகள் இடும். காட்டில் ஒரு செடியை மொட்டையடித்த புழு அடுத்ததைத் தேடி நடக்க வேண்டும். வழியிலேயே பல செத்துவிடும். வயலிலோ அடுத்த செடி ஒரு சாண் தூரத்தில். குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்துவிட்டு வெளிவரும் வண்டுக்கு, அதே வயலில் மறுபடியும் உருளைக்கிழங்கு இருந்தால் சாப்பாடு காலடியிலேயே கிடைக்கும். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை ஏறுவது அதனால்தான். பயிரை மாற்றித் தள்ளி நட்டால், வண்டு நடந்தே களைக்கும்.

இரை பெருகினால் அதைத் தின்பவையும் பெருகும், ஆனால் சற்றுத் தாமதமாக. ரைலி அவற்றையும் விடாமல் தேடினார். வண்டின் புழுவுக்குள் வளரும் ஒட்டுண்ணி ஈ ஒன்றை 1869இல் விவரித்தார். அதன் அறிவியல் பெயரோடு அவர் பெயரும் ஒட்டியிருக்கிறது. பாரிஸ் பச்சை என்ற ஆர்சனிக் நஞ்சைத் தூவவும் அவர் சொன்னார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. விளைச்சலை இழந்து நின்றவர்களுக்கு அன்று வேறு வழி குறைவு.

பிறகு மத்திய வேளாண்மைத் துறையின் பூச்சியியல் பிரிவுத் தலைவரானார். கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோப்புகள் தொடர்ச்சியாகப் பெருகியபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில் பூச்சி மரங்களை மூடியது. 1888இல் ஆல்பர்ட் கோபலேயை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, அதைத் தின்னும் சிவப்புப் பொறிவண்டை வரவழைத்தார் ரைலி. அடுத்த ஆண்டே செதில் பூச்சி அடங்கியது. இரை குறைந்ததும் பொறிவண்டும் குறைந்தது; ஆனால் இரண்டுமே அடியோடு அழியவில்லை. பின்னாளில் நீலகிரியின் சீகை மரங்களில் அதே செதில் பூச்சி ஏறியபோது, அதே பொறிவண்டைத்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

1895 செப்டம்பரில் வாஷிங்டனில் சைக்கிளில் போகும்போது கீழே விழுந்து தலையில் அடிபட்டு ரைலி இறந்தார். அவர் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளை, அதற்கு முன்பே அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார்.